குளிர் ரூமுக்குக் காய்ச்சல்

அத்தியாயம் 7

'டம்' என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே 'க்ளக்' என்று இன்னொன்று.

முதல் சத்தம் கதவு. அதுகூடப் பரவாயில்லை, காற்றில் சாத்திக்கொண்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த ஊர்க் காற்றுக்கும் தாழ்ப்பாள் போடத் தெரியாது.

"மேடம், வெளியே யாரோ பூட்டிட்டாங்க."

"எனக்கும் காது இருக்கு கிரண்" என்றார் வித்யாலட்சுமி மேடம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியில் இருந்த ஒரு அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். ஒரு சாண் தடிமன். ம்ஹூம், அசையவில்லை. இந்த மாதிரிக் குளிர் ரூம்களில், உள்ளே மாட்டிக்கொண்டவன் திறந்துகொண்டு வெளியே வர ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். இங்கேயும் இருந்தது. திருகினேன். சுற்றிக்கொண்டே போனது, எதையும் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருகியதும் குமிழ் கையோடு வந்துவிட்டது.

"மேடம், கதவு வரல. குமிழ்தான் வந்துச்சு."

"பாக்கெட்ல போட்டுக்கோ. சாட்சி."

இதுதான் எங்கள் மேடம். வேலூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி என்று எதைக் காட்டினாலும் இது விபத்தா வித்தையா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது ஈஜிபுராவில் ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். அங்கே அசிஸ்டென்ட், டிரைவர், டீ வாங்குகிறவன், திட்டு வாங்குகிறவன் எல்லாம் நான்தான். பிறந்ததிலிருந்து பெங்களூர். தமிழில் சண்டை போடுவேன், கன்னடத்தில் சமாதானம் ஆவேன்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், சிவசங்கரன் என்பவருடைய மருந்துக் கிடங்கு. அதில் மூன்றாம் நம்பர் குளிர் ரூம். வந்தது ஷோபாவுக்காக.

ஷோபா இந்தக் கிடங்கில் ஷிப்ட் ஆபரேட்டர். இன்று காலையில் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது அவள் கண் இரண்டும் சிவந்திருந்தது.

"ராத்திரி பூரா பொண்ணுக்கு ஜுரம் மேடம். நூத்திரெண்டு. விடியறப்பதான் தொண்ணூத்தெட்டுக்கு எறங்குச்சு. பக்கத்து வீட்ல விட்டுட்டு ஓடி வந்தேன்" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க வாங்கத் தன் கதையைச் சொன்னாள்.

குளிர் ரூமில் இருப்பது சர்க்கரை நோய்க்கான ஊசி மருந்து. ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு தடவை உறைந்துவிட்டால் அப்புறம் அது மருந்தே இல்லை. குளிர் வீணாகும் என்று சனி, ஞாயிறு கதவையே திறக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஷிப்டுக்கு வருகிறவர் வெளியே சுவரில் இருக்கும் டிஸ்ப்ளேயைப் போட்டோ எடுத்து, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். போன சனி ஞாயிறில் அந்த வேலை ஷோபாவுடையது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் போட்டோ போட்டாள். எல்லாப் போட்டோவிலும் 5. திங்கள்கிழமை முதலாளி கதவைத் திறந்தால், மருந்து பூராவும் கல்லாக உறைந்து கிடந்தது.

மெக்கானிக் வந்து பார்த்து, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் என்ன, பழி ஷோபா தலையில் விடிந்தது. எதையோ தப்பாக அமுக்கி ரூமை உறைய விட்டுவிட்டாளாம். அதை மறைக்கப் பழைய போட்டோவையே திரும்பத் திரும்பப் போட்டாளாம். இன்று சாயங்காலத்துக்குள் 'என் தப்புதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ்.

"போட்டுட்டா கேஸ் இல்லைங்கறாங்க. ஆனா அதுக்கப்புறம் பொம்மசந்திராவுல எந்த கேட்டும் என்னை உள்ள விடாது மேடம். நானும் என் பொண்ணும்தான். வேற யாரும் இல்ல. நான் பார்த்தது அஞ்சு. அவ மேல சத்தியமா அஞ்சு."

மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எல்லாத்துலயும் அஞ்சா? நாலு, ஆறு எதுவும் இல்லையா?"

"இல்ல மேடம். அஞ்சேதான்."

"பொய் சொல்றவங்க நம்பறாப்பல இருக்கட்டும்னு நம்பரை மாத்தி மாத்திப் போடுவாங்க. கிரண், வண்டியை எடு."

பொம்மனஹள்ளி சிக்னல்களில் பெருமாளை வேண்டிக்கொண்டு ஒருவழியாக வந்து சேர்ந்தோம். மேனேஜர் சுஹாஸுக்கு எங்களைப் பார்த்ததுமே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "டிடெக்டிவ் எல்லா பேடா, வேண்டாம் சார்" என்றான். மேடம் விடவில்லை. ரூம் எவ்வளவு கீழே போனது என்று கேட்டார்.

"யாருக்குமே கொத்தில்லா மேடம், தெரியாது. சார் கதவைத் திறந்தவுடனே மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. பெட்டிக்குள்ள ஸ்டிக்கர் இருக்கு, ஜீரோவுக்குக் கீழ போனா செவப்பா ஒரு எக்ஸ் விழும். அவ்ளோதான். எவ்ளோ கீழன்னு அதுக்கும் கொத்தில்லா. இது முன்னாடி ஐஸ்கிரீம்காரங்க வெச்சிருந்த ரூம், மெஷின் ராட்சசன். எவ்ளோ வேணா போகும்."

முதலாளி சிவசங்கரனோ நேர்மாறு. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய அன்பு. காபி வரவழைத்தார். "ஷோபா பாவம் மேடம், நல்ல பொண்ணு. அங்க மைனஸ் பதினஞ்சுல மருந்து விறைச்சுப்போய்க் கெடக்கு, இது எங்கேயோ அசந்து தூங்கியிருக்கு. நான் போலீசே வேணாம்னுட்டேன். ஒரு கையெழுத்து போதும்" என்றார். "வெள்ளிக்கிழமை தவறாம மூணு மெஷினுக்கும் என் கையால பொட்டு வெச்சு சூடம் காட்டறேன். அந்தப் பொட்டை ஒருத்தர் தொட மாட்டாங்க, அதுவா உதிரணும். அப்படி பயபக்தியா இருக்கற எடத்துல இப்படி ஆயிடுச்சே!" கடைசியில் குரல் உடைந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது என்றால் பாருங்கள்.

ஷோபாவை மாடியில் அவர் ஆபீசிலேயே உட்கார வைத்துவிட்டு, சுஹாஸ் எங்களைக் கீழே கூட்டிவந்தான். மூன்று குளிர் ரூம், மூன்று டிஸ்ப்ளே. மூன்றிலும் சந்தனமும் குங்குமமும். முதல் இரண்டில் நடு உச்சியில் லட்சணமாக இருந்தது. மூன்றாவதில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில், ஓரமாக.

"மேடம், இந்த மெஷினுக்கு மட்டும் கன்னத்துல வெச்சிருக்காங்க. திருஷ்டிப் பொட்டு போல. அழகான மெஷின்தான்" என்றேன். மேடம் 'உம்' என்றார். டிஸ்ப்ளேயில் 5. சுஹாஸ் கதவைத் திறந்து விட்டான். அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே போனான். நாங்கள் உள்ளே வந்தோம். அப்புறம்தான் அந்த டம்.

"சுஹாஸ்தான் மேடம்" என்றேன், குமிழைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே. "அந்த மூஞ்சியைப் பார்த்தப்பவே நெனச்சேன். இப்பப் பாருங்க, பூட்டிட்டுப் போயிட்டான்."

"மூஞ்சியைப் பார்த்துக் கேஸ் முடிக்கறதுன்னா உன்னை நான் எப்பவோ உள்ள தள்ளியிருக்கணும். போன் எடுக்குதா?"

எடுக்கவில்லை. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சுவர், கூரை, கதவு எல்லாம் தகரம். கத்திப் பார்த்தேன். கதவை உதைத்தேன். எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். மேலே பெரிய காற்றாடி ஒன்று 'ஹோ' என்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மேடம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு புது ஸ்டிக்கரை எடுத்து அலமாரி விளிம்பில் ஒட்டினார். அப்புறம் மேலே பார்த்தார்.

"கிரண், நாம உள்ள வந்தப்போ ரூம் அஞ்சுல இருந்துச்சு. அஞ்சுல நிக்கணும்னுதான் மெஷினுக்கும் சொல்லியிருக்கு. அப்புறம் ஏன் அந்தக் காத்தாடி ஓயவே மாட்டேங்குது?"

அப்போதுதான் கவனித்தேன், என் பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. வரும்போது மார்கழிக் காலை மாதிரி இருந்த ரூம், இப்போது மூக்குக்குள் ஊசி குத்தியது. மேடம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் போட்டிருந்தது அரைக்கை சட்டை. காலையில் இஸ்திரி போட்டது என்ற ஒரே பெருமைதான் அதற்கு.

ஸ்டிக்கரில் சிவப்பாக ஒரு எக்ஸ் விழுந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பயம்தான், வேறென்ன. இதே ரூமில், இதே மாதிரி, அந்த மருந்தெல்லாம் உறைந்து போயிருக்கிறது. இப்போது எங்கள் முறை.

"மேடம், யாரோ வெளியே நம்பரைக் கொறைச்சிட்டாங்க. மைனஸ்ல வெச்சிட்டாங்க."

"மாட்டாங்க. யோசி. ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். வர்றவங்க டிஸ்ப்ளேயைப் போட்டோ எடுப்பாங்க. மைனஸ்னு இருந்தா ஊரே கூடிடும். போன வாரமும் அப்படித்தான். ஷோபா பார்த்தது அஞ்சு. போட்டோல அஞ்சு. ஆனா உள்ள ஐஸ். டிஸ்ப்ளேல அஞ்சுன்னே இருக்கணும், ரூமும் உறையணும். அது எப்படி?"

"மந்திரம்தான் மேடம்."

"அந்தப் பொண்ணு காலைல வந்ததும் என்ன சொன்னா?"

"பொண்ணுக்கு ஜுரம்னா."

"எவ்வளவு?"

"நூத்திரெண்டு."

"நூத்திரெண்டு டிகிரின்னா தண்ணியே கொதிச்சு ஆவியாயிடும். குழந்தைக்கு நூத்திரெண்டுன்னு சொன்னா. நீ ஏன் பதறல?"

"என்ன மேடம், ஜுரத்தைப் போய்... அது ஃபாரன்ஹீட்ல சொல்றதாச்சே. வெயில்னா செல்சியஸ், காய்ச்சல்னா ஃபாரன்ஹீட். நம்ம வீட்ல எல்லாம் அப்படித்தானே..."

சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடிக்கொண்டேன். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் குளிரிலும் அந்தச் சிரிப்பு வந்தது பாருங்கள்!

"இந்த மாதிரி மெஷின்ல ஒரு குணம் இருக்கு. செல்சியஸ்ல இருந்து ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தினா, நீ முன்னாடி வெச்ச நம்பரை அது கணக்குப் போட்டு மாத்தாது. அஞ்சு அஞ்சாவே நிக்கும். ஆனா அது வேற அஞ்சு. மெஷினுக்கு என்ன தெரியும், சொன்ன பேச்சைக் கேட்டு அந்த அஞ்சைத் தேடி ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்ததும் வெளிய டிஸ்ப்ளேல மறுபடி அஞ்சு."

சுவரில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. மேடம் அதில் விரலால் எழுதினார்.

"அஞ்சுல முப்பத்திரெண்டைக் கழி."

"மைனஸ் இருபத்தேழு."

"ஒம்பதால வகுத்து அஞ்சால பெருக்கு."

"ஒம்பதால வகுத்தா மூணு. மூவஞ்சு பதினஞ்சு. மைனஸ் பதினஞ்சு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடக்கடவுளே! மைனஸ் பதினஞ்சுக்கா போயிட்டிருக்கோம்?"

"கெல்வின்ல சொன்னா இருநூத்தம்பத்தெட்டு."

"அப்படியே சொல்லுங்க மேடம், கேக்கறதுக்காவது கதகதப்பா இருக்கு."

மேடம் விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். நான் சுவரில் இருந்த எண்ணையே பார்த்தேன். மைனஸ் பதினஞ்சு. இதை இன்றைக்கு எங்கேயோ கேட்டிருக்கிறேன். சுவரில் இல்லை, காபி வாசனையோடு.

"மேடம்... முதலாளி."

"ம்."

"மைனஸ் பதினஞ்சுல மருந்து விறைச்சுப்போய்க் கெடந்துச்சுன்னாரு. ஆனா சுஹாஸ் சொன்னான், எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாதுன்னு. யாரும் அளக்கல. ஸ்டிக்கரும் சொல்லாது. அப்ப அவருக்கு மட்டும்..."

"அவர் அளக்கல கிரண். கணக்குப் போட்டிருக்கார். எதைத் திருப்பினோம்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்தக் கணக்கு வரும். மெக்கானிக் வர்றதுக்குள்ள மறுபடி செல்சியஸுக்குத் திருப்பிட்டார். எண்ணுக்குப் பக்கத்துல செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு பொடியா ஒரு எழுத்து எரியும். அதை மறைக்கணுமே? நீதான் கண்டுபிடிச்சே. நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

"நானா?"

"கன்னத்துல திருஷ்டிப் பொட்டு."

விபூதியையும் காபியையும் பார்த்து உருகினேனே, என்னைச் சொல்லணும்! பாவம் சுஹாஸ், அவனுக்கு மூஞ்சிதான் சரியில்லை.

"இந்த மருந்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் தேதி இருக்கு. பெட்டி மேலயே போட்டிருக்கு" என்றார் மேடம். "விக்காம தேதி முடிஞ்சா குப்பை. அதுக்கு முன்னாடி ஆபரேட்டர் தப்பால கெட்டுப்போனா இன்சூரன்ஸ். நான் இருபது வருஷம் பார்த்த வித்தைதான். இவர் கொஞ்சம் படிச்ச வித்தைக்காரர்."

"இப்ப மாடியில ஷோபாகிட்ட என்ன சொல்லிட்டு இருப்பாரு?"

மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. "நாம கையை விரிச்சிட்டுப் போயிட்டோம்னு சொல்லிட்டு இருப்பார். அவ நம்பிடுவா. கையெழுத்துப் போட்டுடுவா."

நாங்கள் இங்கே பூட்டிக் கிடக்கிறோம். அவள் அங்கே திறந்த ரூமில் பூட்டிக் கிடக்கிறாள். குஞ்சு மாதிரி ஒரு பெண் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எங்களை நம்பி வந்தவள்.

"அலாரம் அடிக்காதா மேடம்?"

"வயரைப் பிடுங்கி வெச்சிருக்கார். வரும்போதே தொங்கிட்டு இருந்துச்சு. அதைப் பத்திக் கேக்கத்தான் இருந்தேன்." மேடம் மேலே பார்த்துக்கொண்டே நடந்தார். காற்றாடிக்குக் கீழே நின்றார். அங்கே கறுப்பு வயர் ஒன்று தொங்கியது, அதன் நுனியில் சுண்டு விரல் அளவுக்கு ஒரு உலோகக் குச்சி. "கிரண், இதுதான் மெஷினோட மூக்கு. இது உணர்றதுதான் வெளிய டிஸ்ப்ளேல நம்பரா வரும்."

"சரி..."

"ரெண்டு மணிக்கு யாராவது வந்து அந்த நம்பரைப் போட்டோ எடுப்பாங்க. குரூப்புல போடுவாங்க. ஷோபாவை இன்னும் குரூப்புல இருந்து எடுக்கலைன்னு காலைல சொன்னா. வெளிய போக நமக்கு இருக்கற ஒரே ஜன்னல் அந்த டிஸ்ப்ளேதான். அதுல நாம ஒரு சேதி போடணும். சட்டை பட்டனைக் கழட்டு."

"மேடம்?"

"இதை எடுத்து அக்குள்ல வெச்சுக்கோ. ஜுரம் பார்க்கறாப்பல."

ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் புல்லரித்தது. குளிரா, மேடத்தின் மூளையா தெரியவில்லை. வெளியே அது இப்போது ஃபாரன்ஹீட் பேசுகிறது. என் உடம்புச் சூட்டை அது என்ன என்று காட்டும்? நம் ஊரில் எந்த அம்மாவைக் கேட்டாலும் தெரிந்த நம்பர் அது.

"ஆனா ஒண்ணு" என்றார் மேடம். குரல் தாழ்ந்திருந்தது. "உன் சூட்டை ரூமோட சூடுன்னு மெஷின் நெனச்சுக்கும். ஐயோ இவ்வளவு சூடான்னு நிறுத்தாம ஓடும். மைனஸ் பதினஞ்சுலயும் நிக்காது. வயர் குட்டை, நீ அந்தக் காத்தாடிக்குக் கீழேயேதான் நிக்கணும். ரெண்டு மணி வரைக்கும் தாங்கணும். முடியலைன்னா சொல்லு, நான் நிக்கறேன்."

"எவ்வளவு வரைக்கும் போகும் மேடம்?"

"மைனஸ் நாப்பதுல செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒண்ணாயிடும். எந்த ஸ்கேல்னு சண்டையே வராது."

"சண்டை போட ஆளும் இருக்காது" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிகளை அடுக்கி ஏறி நின்றேன். சட்டையைத் திறந்து அந்தக் குச்சியை அக்குளில் வைத்தேன். ஐயோ! என் வாயிலிருந்து மூன்று மொழியிலும் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மேடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் தலைப்பைப் பிரித்து என் தோளோடு சேர்த்துச் சுற்றினார்.

அப்புறம் காத்திருந்தோம். காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. காற்றாடி தலைக்கு மேலே ஊதிக்கொண்டே இருந்தது. முதலில் காது மரத்தது. அப்புறம் விரல். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். வெளியே என்ன நம்பர் ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. யாராவது பார்ப்பார்களா, பார்த்தால் புரியுமா, புரிவதற்குள் அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாளா, எதுவும் தெரியாது. மணி பார்க்க என் போனை எடுத்தேன். குளிரில் அது எனக்கு முன்னாலேயே உயிரை விட்டிருந்தது.

"பேசிட்டே இரு கிரண். வாயை மூடாத."

"வாழ்க்கைல மொத தடவை நீங்க இதைச் சொல்றீங்க மேடம்."

"தூங்கிடாதேன்னு சொன்னேன்."

"எனக்குப் பயமா இருக்கு மேடம்."

"எனக்கும்தான்" என்றார். அதைக் கேட்டதும் என்னவோ எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

என்னென்னவோ பேசினேன். எங்கள் தெருவில் விற்கும் சூடான மிளகாய் பஜ்ஜியைப் பற்றி. ராட்சச வெயில் அடிக்கும் வேலூரைப் பற்றி. வேலூர் வெயிலைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். நாக்கு தடித்துக்கொண்டே வந்தது. கண் சொருகியது. மேடம் என் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். வலித்த ஞாபகமே இல்லை.

'க்ளக்.'

கதவு திறந்தது. வெளிச்சமும், பொம்மசந்திராவின் டீசல் வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன. அந்த வாசனை சாம்பிராணி மாதிரி இருந்தது எனக்கு. முதலில் ஓடிவந்தது ஷோபா. ஒரு கையில் போன், இன்னொரு கையில் மூடி கழற்றிய பேனா. பின்னால் மத்தியான ஷிப்ட் லட்சுமம்மா. அதற்குப் பின்னால் மூச்சிரைக்க சுஹாஸ்.

"மேடம்! நீங்க கைவிட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாரே மேடம்!" ஷோபா அழுதுகொண்டே என்னைப் பெட்டியிலிருந்து இறக்கினாள். "கீழ போயிட்டு வந்து, பின் கேட் வழியா போயிட்டாங்க, இனி யாரும் வரமாட்டாங்க, போடும்மான்னு பேனாவைக் குடுத்தாரு. நானும் வாங்கிட்டேன். பேப்பர்ல கை வெச்சுட்டேன். அப்ப இது வந்துச்சு."

போனைக் காட்டினாள். மூன்றாம் நம்பர் டிஸ்ப்ளேயின் போட்டோ. 97. கீழே லட்சுமம்மாவின் குரல் பதிவு. ஷோபா அமுக்க, அது கரகரவென்று பாடியது: "ஏனப்பா இது, ரூமுக்கு ஜ்வர பந்திதா?" என்னப்பா இது, ரூமுக்குக் காய்ச்சல் வந்துடுச்சா என்று.

"அல்வா மத்தே, பின்ன இல்லையா?" என்றார் லட்சுமம்மா என்னைப் பார்த்து. "நான் தமாஷுக்குச் சொன்னேன் சாமி. நெஜமாவே உள்ள ஆளு இருக்குன்னு யாரு கண்டா!"

"எனக்கு ராத்திரி பூரா இந்த மாதிரி நம்பர்தானே மேடம்" என்றாள் ஷோபா. "தொண்ணூத்தேழுன்னு பார்த்ததும் என் கை தன்னால பொண்ணு நெத்தியைத் தேடுச்சு. அப்புறம்தான் ஒறைச்சுது. இது ரூமோட நம்பர் இல்ல, மனுஷனோட நம்பர். நீங்க கடைசியா போனது அந்த ரூம். எழுந்து ஓடியாந்துட்டேன்."

சுஹாஸ் தன் ஜெர்கினைக் கழற்றி எனக்குப் போர்த்தினான். "சார் போன் பண்ணி மெயின் கேட்ல லாரி வந்திருக்குன்னாரு. போய்ப் பார்த்தா லாரியே இல்ல. அதுக்கப்புறமும் அங்கேயே நில்லு, வரும்னாரு" என்றான். அவன் மூஞ்சி எனக்கு அப்போது எவ்வளவு அழகாகத் தெரிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மாடிப்படியில் சிவசங்கரன் இறங்கி வந்தார். நெற்றி வேர்த்து விபூதி கரைந்திருந்தது. "ஐயையோ! கதவு தானா மாட்டிக்கிச்சா? யாராவது காபி கொண்டாங்கப்பா!"

"காபி அப்புறம்" என்றார் மேடம். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "ஒரே ஒரு கேள்வி சார். ரூம் மைனஸ் பதினஞ்சுக்குப் போச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நானா... எல்லாரும் பேசிக்கிட்டதுதான். சுஹாஸ் சொன்னான்."

"நான் ஹேளில்லா சார்" என்றான் சுஹாஸ், மெதுவாக. "நான் சொல்லவே இல்ல. யாரும் அளக்கலையே."

சிவசங்கரன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவர் கண் டிஸ்ப்ளேயிடம் போனது, அதிலிருந்த பொட்டிடம் போனது, அங்கேயே நின்றுவிட்டது. மேடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லட்சுமம்மா, அந்தப் பொட்டைக் கொஞ்சம் தொடைங்க" என்றார் மேடம்.

"ஐயோ, நான் மாட்டேன்! அது தானா உதிரணும்."

ஷோபா முன்னால் போனாள். "மன்னிச்சுக்கோ தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யூனிபார்ம் கோட்டின் கையால் அழுத்தித் துடைத்தாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாகக் கொட்டியது. அதன் அடியில், சிவப்பாக, பொடியாக ஒரு ஆங்கில எழுத்து எரிந்துகொண்டிருந்தது. எஃப்.

சுஹாஸ் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்ப் போலீசுக்கு அடித்தான். சிவசங்கரன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காபி கடைசி வரைக்கும் வரவே இல்லை.

திறந்த கதவு வழியே வெளிக்காற்று உள்ளே போகப் போக, டிஸ்ப்ளேயில் எண் ஏற ஆரம்பித்தது. மைனஸ் ஒன்று. பூஜ்யம். இரண்டு. ஷோபா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மூன்று. நாலு.

ஐந்து.

பக்கத்தில் அந்த எஃப்பும் தெரிகிற மாதிரி கிளிக் செய்தாள். குரூப்பில் போட்டாள். என் போன் செத்துக் கிடந்ததால் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே, எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாள்:

'ரூம் 3. அஞ்சு. பார்த்ததைப் போட்டிருக்கேன். ஷோபா, பகல் ஷிப்ட்.'